வெளி ஆணியில் ரயில்

1

இன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பால் வாங்கப் போனேன். வழக்கமாகப் போய்வர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். தெருமுனையில் நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்ததால் இன்று முப்பத்தெட்டு ஆயிற்று. கதவைத் திறந்தால் மாடிப்படியில் என் தம்பி மகள் நசீமா நிற்கிறாள். கையில் என் டோக்கன். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கன போனீக பெரியத்தா? பாத்ரூம் கதவ ஆறு வாட்டி தட்டிட்டேன். தோட்டத்துல போயிப் பாத்தேன். டோக்கன் உள்ள தொங்குது. ஆளக் காணோம்."

"பாலு வாங்கத்தான்..."

"மாத்திப் போட்டுட்டுப் போக ஒரு செகண்டு ஆகுமா? ஊருல உள்ள அம்புட்டையும் எண்ணுறீக, இத மட்டும் மறந்துட்டீக. அபராதம் தெரியும்ல?"

தெரியும். பதினாலு.

ஷெஃபீல்டில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பு வைக்கும் தட்டுக்கு மேலே ஒரு சிறிய பலகை இருக்கிறது. அதில் இரண்டு வரிசை ஆணிகள். மேல்வரிசையில் 'உள்ளே' என்று எழுதியிருக்கும், கீழ்வரிசையில் 'வெளியே' என்று. வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கொரு டோக்கன், பிஸ்கட் அளவு வட்ட மரவில்லை, அதில் ஒரு படம். வெளியே போகிறவர் தன் வில்லையைக் கீழ் ஆணிக்கு மாற்ற வேண்டும். என்னுடையது காகம். பேத்தியுடையது சுறாமீன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மேலே என்றால் வீடு, கீழே என்றால் தெரு என்று மனத்தில் வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் இதை அலங்காரம் என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள். நாங்கள் திருத்துவதில்லை.

ஊரிலிருந்து மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளையை டிசைன் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, படித்தால் என்ன வேலை கிடைக்கும், உங்கள் தம்பி மகள் என்ன செய்கிறாள். மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது ஒரு பெண்ணின் கணக்கு மட்டும்தான். அதைச் சொல்ல இந்தப் பலகையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2

நான் திருத்தங்கலில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்தவன். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், தினசரிக் காலண்டர். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதும் தாளை எண்ணுவதும் என் வேலை. ரீம் உறையில் ஐந்நூறு என்று அச்சடித்திருக்கும். நான் பிரித்து எண்ணுவேன். நானூற்றுத் தொண்ணூற்றேழு இருந்த ரீம்களைப் பிடித்திருக்கிறேன். அந்த நிறம் பார்க்கும் கண்ணுக்காகத்தான் ஐம்பதாவது வயதில் இங்கே ஓர் அச்சகத்தில் எடுத்தார்கள். வந்து இருபத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. மகனோடு நான் தமிழில் பேசுவேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இருவருக்கும் புரிந்துவிடுவதால் யாரும் மாறிக்கொள்ளவில்லை.

தம்பி தாகிர் ஊரிலேயே இருக்கிறான். அட்டைப்பெட்டி செய்து பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு லோடு கொண்டுபோய்ப் போடுவது அவன் தொழில். அவன் மகள் நசீமா மதுரையில் பட்டம் முடித்துவிட்டு, டிசைனில் மேற்படிப்புப் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் கிளம்பும்போது சொந்தத்தில் ஒருவர் விடாமல் கேட்டார்கள்.

"பிள்ளை கலியாணக் கார்டு போடவா சீமைக்குப் போகுது? நம்ம திருத்தங்கல்லயே அம்புட்டுப் பிரஸ்ஸு கெடக்கே."

எனக்கும் அதற்கு மேல் தெரியாது. டிசைன் என்றால் லேபிளில் படம் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே முதல் பருவத்தில் மூன்று வாரம் அவளை ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிற்கவைத்தார்கள். வருகிறவர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள், எங்கே குழம்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

"பஸ் ஸ்டாப்புல நிக்கணும்னா விருதுநகர்லயே நின்னிருக்கலாமே" என்றேன்.

"அங்கன மூணு வாரம் நின்னா வேற மாதிரி பேசிருவாக பெரியத்தா" என்றாள்.

அவள் வகுப்பில் பத்தொன்பது பேர். எல்லாரும் இப்போது எங்கே என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நாலு பேர் கைபேசிச் செயலிகளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். இப்போதைக்கு அதில்தான் அதிக இடம். இருவர் மருத்துவமனைகளுக்கு வழிகாட்டிப் பலகை செய்கிறார்கள். ஒருத்தி காது கேட்கும் கருவிக்கு உருவம் கொடுக்கிறாள். ஒருவன் நகராட்சியில் வரிப் படிவங்களை ஜனங்களுக்குப் புரியும்படி மாற்றி எழுதுகிறான். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதை அவனைப் பார்த்துத்தான் அறிந்தேன். மூன்று பேர் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஐந்து பேர் காப்பிக்கடையில் நிற்கிறார்கள். இருவரைப் பற்றித் தகவல் இல்லை. பத்தொன்பதாவது நசீமா.

படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தங்கலாம் என்று விசா கொடுத்திருந்தார்கள். அதற்குள் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் வேலை கொடுத்து, இவள் எங்களுக்கு வேண்டும் என்று அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். அவள் முப்பத்தேழு விண்ணப்பம் போட்டாள். முப்பத்தாறில் இரண்டு வரிப் பதில் வந்தது, அல்லது அதுவும் வரவில்லை. இடையில் பெயர்த் தகராறு வேறு. அப்பா பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் கிடையாது. ஓர் ஆவணத்தில் அவள் தாகிர் நசீமா, இன்னொன்றில் நசீமா தாகிர், மூன்றாவதில் நசீமா நசீமா. மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க நாலு கடிதம் எழுதினோம்.

என் பங்குக்கு நானும் ஒரு குழப்பம் செய்தேன். எங்கள் குடும்பம் கிராக்கர் தொழிலோடு சம்பந்தப்பட்டது என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிவைத்தேன். இந்த ஊரில் கிராக்கர் என்பது கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்கும் காகிதக் குழல். உள்ளே ஒரு காகிதக் கிரீடம் இருக்கும். அந்த அம்மாள் பன்னிரண்டு ஆர்டர் கொடுத்துவிட்டார். நசீமா உட்கார்ந்து செய்துகொடுத்தாள்.

3

இப்போது பலகைக்கு வருகிறேன்.

படிப்பின் கடைசித் திட்டத்துக்காக அவள் இரண்டு மாதம் ஊருக்குப் போனாள். எம். புதுப்பட்டிப் பக்கம் தாகிர் லோடு போடும் ஒரு சின்னப் பட்டாசுத் தொழிற்சாலை, ஊர்ப்பேச்சில் பயராபீஸ். அதன் வாசலில் காவலாளி காளியப்பன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கே பேருந்து நிறுத்தத்தில் கற்றது அதைத்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உள்ளே போகிறவர்கள் கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். காளியப்பன் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அவற்றை வாங்கி வைத்துக்கொள்வார். ஆகவே வேலை நேரத்தில் போன் எடுக்கவில்லை என்றால் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் எங்காவது ஒரு சத்தம் கேட்டுவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்க எல்லாரும் எல்லாரையும் அழைப்பார்கள். அந்தக் கூடை மொத்தமாக அலறும். யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்ல யாராலும் முடியாது. வருகைப் பதிவேட்டில் ஒரு எண்ணிக்கை இருக்கும். அக்காவுக்குப் பதில் தங்கை வந்திருப்பாள், லோடு இறக்க ஒருவர் வந்திருப்பார். அவர்கள் பெயர் அதில் இருக்காது.

நசீமா செய்தது இரண்டு வரிசை ஆணியும் பதினாறு மரவில்லையும். வேலை செய்கிற பதினாலு பேருக்கு ஒவ்வொன்று, தாகிருக்கு ஒன்று, லோடுமேனுக்கு ஒன்று. வாசலைத் தாண்டுகிற எல்லாருக்கும் உண்டு. பதிவேட்டில் பேர் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை.

இங்கிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த நான் சொன்னேன், "இதுல படம் எதுக்கு? ஒன்னு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடு. எண்ண வசதியா இருக்கும்."

அவள் போனை வாசலில் நின்ற பெண்கள் பக்கம் திருப்பி, "எங்க பெரியத்தா நம்பர் போடச் சொல்றாக" என்றாள். மாரீஸ்வரி என்ற பெண் திரைக்குள் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் அலுமினியத் தூள் மின்னியது.

"நம்பர் வேணாம்யா. நம்பரு ஆசுபத்திரியில போடுவாக" என்றார்.

தாகிர் பின்னாலிருந்து, "அண்ணே, நீங்க சும்மா இருங்க" என்றான். நான் ஏலே, இதில் உனக்கென்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அத்தனை பேருக்கும் நடுவே அண்ணன் தம்பிச் சண்டையாகிவிட்டது.

நம் ஊரில் வெடியின் பெயரை யார் சொல்கிறார்கள்? கிளிப் பெட்டி, யானைப் பெட்டி என்று லேபிளில் உள்ள படத்தைச் சொல்லித்தானே கேட்கிறோம். அதையே அவள் எடுத்துக்கொண்டாள். அவரவருக்கு என்ன படம் வேண்டும் என்று கேட்டாள். மாரீஸ்வரி மயில் கேட்டார். வால் சின்னதாக இருக்கிறது என்று மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். காமாட்சி என்ற சின்னப் பெண் அணில் கேட்டாள். தாகிர் ரயில் கேட்டான். பலகையை மாட்டி, கீழே காளியப்பனின் கைபேசி எண்ணைப் பெயின்டில் எழுதி, புகைப்படம் எடுத்துக்கொண்டு நசீமா திரும்பி வந்தாள்.

மாதிரிக்கு ஒன்று செய்து எங்கள் வீட்டிலும் மாட்டினாள். எனக்கு மட்டும் பிடிவாதமாக எண் போடச் சொன்னேன். ஒன்று என்று போட்டுக்கொடுத்தாள்.

4

போன ஆண்டு செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. முப்பத்தேழாவது விண்ணப்பம். நேரில் வரச் சொன்ன ஒரே இடம் அதுதான். தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கைப் பலகையும் செய்முறைக் குறிப்பும் வடிவமைக்கும் சின்ன நிறுவனம், மொத்தம் ஆறு பேர். உரிமம் இருந்தது. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விசா முடிய நாற்பத்தொரு நாள் இருந்தது.

துணைக்கு நானும் போனேன். என் பையில் அவளுடைய வேலைகளைத் தொகுத்த புத்தகத்தின் இன்னொரு பிரதி. அச்சகத்தில் எந்த வேலையானாலும் ஒன்று பார்ட்டிக்கு, ஒன்று ஆபீசுக்கு என்று இரண்டு எடுப்போம். அந்தப் பழக்கத்தில் நான்தான் இரண்டு அடிக்கச் சொன்னேன். தண்டம் என்று அவள் சிரித்தாள்.

டிராமில் போகும்போது மணி பத்து இருபது. ஊரில் பிற்பகல் மூன்றாக இன்னும் பத்து நிமிடம். என் போன் அதிர்ந்தது. பழைய அச்சகக்காரர்கள் குழுவில் ஒரு செய்தி. 'புதுப்பட்டி ரோட்டுல பெரிய சத்தம். புகை திருத்தங்கல் வரை தெரியுது.' அடுத்த செய்தியில் தொழிற்சாலையின் பெயர். காளியப்பன் காவலிருக்கும் அதே தொழிற்சாலை. வியாழன் தாகிர் அங்கே லோடு போடும் நாள்.

"யாரு பெரியத்தா?" என்றாள் நசீமா.

"பிரஸ்ஸு குரூப்பு. எவனோ பேரன் போட்டோ போட்டிருக்கான்."

இடம் மாறி உட்காருகிற சாக்கில் டிராமின் மறுகோடிக்குப் போய்த் தாகிரை அழைத்தேன். நாலு முறை. நாலு முறையும் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. கூடையில் கிடக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு அசைய, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். நாற்பத்தொரு நாளில் இன்னொரு வாய்ப்பு வராது. சொல்லாமல் விட்டு, தாகிர் போய்விட்டிருந்தால், அத்தா கிடந்த நேரத்தில் என்னைப் பேசிச் சிரிக்கவைத்தீர்களே என்று ஆயுளுக்கும் கேட்பாள். ஏழு நிறுத்தம் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்ததில் சொல்லலாம் என்று விட்டேன். ஏழும் போயிற்று.

அந்த அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நாலு நாற்காலி. மேலே போக இருபத்திரண்டு படி. அழைத்ததும் அவள் தன் போனை என் கையில் கொடுத்தாள்.

"வச்சிருங்க பெரியத்தா. பயராபீஸ் கேட்டுல குடுக்குற மாதிரியே இருக்கு" என்று சிரித்துவிட்டு ஏறிப் போனாள்.

பதினொன்று ஆறுக்கு அந்தப் போன் அடித்தது. அவள் அம்மா.

"நசீமா, அத்தா..."

"நான்தாம்மா. பிள்ளை உள்ள இருக்கு."

"அவுக காலையிலயே லோடு கொண்டு போனாக. போனு எடுக்க மாட்டேங்காக. ரோட்ட மறிச்சுட்டாகளாம், யாரையும் விட மாட்டேங்காகளாம். வாட்ச்மேன் நம்பர் எங்கிட்ட இல்ல. அவகிட்ட இருக்கும். அவளக் கூப்புடுங்க."

கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். பதினொரு படி ஏறினேன். மேலே கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. தயக்கமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று ஆண்டுகளில் அவள் ஆங்கிலம் அவ்வளவு நிதானமாக வந்து நான் கேட்டதில்லை. அங்கேயே நின்றேன். பிறகு இறங்கிவிட்டேன். அவள் போனைத் திறக்க எனக்கு வழி தெரியாது.

அப்போதுதான் பையில் இருந்த ஆபீஸ் காப்பி ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் பலகையின் முழுப்பக்கப் புகைப்படம். கீழே பெயின்டில் காளியப்பனின் எண். பத்து இலக்கத்தில் ஒன்பது தெளிவாக இருந்தது. கடைசி இலக்கத்தை வெளி ஆணியில் தொங்கிய மயிலின் வால் மறைத்திருந்தது.

பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். பூஜ்யம் உபயோகத்தில் இல்லை. ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டில் ஒரு பெண், "யாரு வேணும்? ராங் நம்பர்" என்று வைத்தார். மூன்று அடித்துக்கொண்டே இருந்தது. காளியப்பனாக இருந்து எடுக்க முடியாமல் இருந்தால்? குறித்துக்கொண்டு நாலுக்குப் போனேன். நாலில் ஒருவர் ஹிந்தியில் பேசினார். ஐந்து, உபயோகத்தில் இல்லை. ஆறில் ஒரு பெரியவர், "சம்முகமா? எப்பய்யா வார?" என்று கேட்டார். நான் இல்லை என்று அவரை நம்பவைக்க ஒரு நிமிடம் போயிற்று. ஏழு.

ஏழாம் எண்ணில் எடுத்ததும் நான் முதலில் கேட்டது மணிச் சத்தம். பல போன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, பல பாட்டுகளில் அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கூடை.

"யாருய்யா இந்த நேரத்துல?"

"நான் தாகிரோட அண்ணன். வெளிநாட்டுலருந்து பேசுறேன். அட்டைப்பெட்டி தாகிரு உள்ள இருக்கானா?"

"பேரச் சொன்னா இப்ப எனக்கு ஓடாதுய்யா. படத்தச் சொல்லுங்க."

"ரயிலு."

"இருங்க... ரயிலு... ரயிலு வெளிய கெடக்கு. வெளி ஆணியில கெடக்குய்யா."

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓடி வந்தவுக எல்லாரும் மாத்திட்டாக. உள்ள ரெண்டு தொங்குது" என்றார் காளியப்பன். அவர் குரல் இறங்கிவிட்டது. "மயிலும் அணிலும்." தொடர்பு அறுந்தது.

தம்பி மனைவியை அழைத்து, வெளியே இருக்கிறானாம் என்றேன்.

"பாத்தாகளா?"

"பலகையில இருக்காம்."

"பலகையிலதான" என்றாள்.

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தாகிர் எப்படிப்பட்டவன்? ஒரே மழைக்காலத்தில் மூன்று குடை தொலைத்தவன். திருத்தங்கல் பஜாருக்குச் சைக்கிளில் போய், சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தவன். ஓர் அறையை விட்டு வரும்போது விளக்கை அணைத்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் லோடு கொண்டுபோகும் அவசரத்தில் ஒரு மரவில்லையை ஞாபகமாக மாற்றியிருப்பானா? அது நேற்றிலிருந்தே வெளி ஆணியில் கிடந்திருந்தால்? ஏழாம் எண்ணை ஒன்பது முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நசீமா இறங்கி வந்தாள். இரண்டிரண்டு படியாக.

"ஒரு கேள்வி கேட்டாக பெரியத்தா. ஒருத்தர் மாத்த மறந்துட்டா உங்க பலகை பொய் சொல்லுமேன்னு. நான் அத்தா கதையச் சொன்னேன்."

"என்ன கதை?"

"உங்களுக்குத் தெரியாதா? போன மாசி மாசம் அத்தா மாத்தாம உள்ள போயிட்டாக. மாரீஸ்வரி அக்கா பாத்துட்டாக. 'பாய், எங்க பதினாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு கொடம் தண்ணி எடுத்து வச்சுட்டுத்தான் நீரு வெளிய போகணும்'னு கேட்ட மறிச்சு நின்னுட்டாக. பதினாலு கொடம். அத்தா அழாத கொற. அன்னையிலருந்து அதுதான் அங்கன அபராதம். அதுக்கப்புறம் அத்தா ஒரு நாள் கூட மறந்ததில்ல, வண்டியில இருந்து எறங்கும்போதே கையில டோக்கன் இருக்கும்னு காளியப்பன் மாமா சொல்லுவாரு. இதச் சொன்னதும் அங்கன அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாக."

மடியில் திறந்திருந்த படத்தில் ரயிலைத் தேடினேன்.

"என்ன பெரியத்தா?"

"அத்தா வெளிய இருக்கான்" என்றேன். முதலில் அதைத்தான் சொல்ல வந்தது.

அவள் என்னையே பார்த்தாள். என் கையிலிருந்த இரண்டு போன்களைப் பார்த்தாள். மடியில் பன்னிரண்டாம் பக்கம் திறந்து கிடந்ததைப் பார்த்தாள். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உள்ள யாரு?"

"மயிலும் அணிலும்."

அந்த அலுவலகத்தின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். நசீமா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தாகிர் பேசினான். குரல் கரகரத்திருந்தது. "அண்ணே, நான் இருக்கேன்" என்றான். லோடு இறக்கிவிட்டு, டோக்கனை மாற்றி, வண்டியில் ஏறக் கால் வைத்தபோது வெடித்ததாம். கூடையிலிருந்து போனை எடுக்க மறந்திருந்தான், இப்போதுதான் கைக்கு வந்ததாம்.

5

பதிவேட்டின்படி அந்த அறையில் ஒருவர்தான். மாரீஸ்வரியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று தீயணைப்புக்காரர்கள் கிளம்பப் பார்த்திருக்கிறார்கள். காளியப்பன் பலகையைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, "இன்னொன்னு உள்ள தொங்குதுய்யா, அணிலு இன்னும் உள்ள இருக்கு" என்று கத்தியிருக்கிறார். மறுபடி போய்த் தேடினார்கள். சரிந்த சுவரின் பின்னால் காமாட்சி உயிரோடு இருந்தாள். அன்றும் தன் அக்காவுக்குப் பதிலாக வந்தவள், பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.

மாரீஸ்வரி மறுநாள் காலை மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அந்தச் செய்தி வருமுன், அந்த வியாழக்கிழமை மாலையே நான் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதாமல் விடலாம். விட்டால் கணக்கு நேராகாது. நசீமாவிடம் போய், "பலகை வேலை செஞ்சிருக்கு. ஒரு உயிர எடுத்துக் குடுத்திருக்கு. இத இப்பவே அவுகளுக்கு எழுதி அனுப்பு. நாற்பத்தொரு நாள்தான் இருக்கு" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. "அக்கா இன்னும் உசுரோட கெடக்காக பெரியத்தா. அதுக்குள்ள அவுகள சர்ட்டிபிகேட்டாக்கச் சொல்றீக" என்றாள். பிறகு கேட்டாள், "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பத்து இருபது."

"டிராமுல."

"ஆமா."

ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பாள், மருந்து எடுத்து வைப்பாள், பேச்சு இல்லை. ஊருக்குப் போகலாம் என்று இரண்டு முறை பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். போனால் திரும்பி வந்து விண்ணப்பிக்க நாள் போதாது என்று என் மகன் சொன்னான். மாரீஸ்வரியை எடுத்த அன்று தாகிர் போனில் காட்டினான். நசீமா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள்.

ஆறாம் நாள் அவளாக அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. வேலை கிடைத்தபின்தான் வாசிக்கக் கொடுத்தாள். நடந்ததை ஐந்து வரியில் எழுதியிருந்தாள். அதற்குப் பின், "அன்று நேர்முகத்தில் நான் சொன்ன பதில் பாதிதான், என் பலகை யார் உள்ளே என்று சொல்லும், உள்ளே இருப்பவரை அது காப்பாற்றாது, வெடித்த பிறகே அது பயன்பட்டது, வெடிக்குமுன் பயன்படுகிற ஒன்றைச் செய்யும் இடத்தில் வேலை செய்ய விரும்புகிறேன், உங்கள் இடம் அப்படியா?" என்று கேட்டிருந்தாள். வேலை கேட்கிறவள் எழுதுகிற கடிதம் போலவே இல்லை. முன்னால் காட்டியிருந்தால் நான் அனுப்ப விட்டிருக்க மாட்டேன்.

விசா முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வேலைக் கடிதம் வந்தது. விசாவுக்கு மனுப் போட்டபின் முடிவு வரும்வரை நாட்டை விட்டுப் போனால் மனு ரத்தாகிவிடும். அந்த வாரங்களில் மாரீஸ்வரியின் நாற்பதாம் நாளும் கடந்துபோயிற்று.

என்னோடு பேச்சு நின்ற பத்தாம் நாள் அவள் பேசிய முதல் வார்த்தை, "உங்க டோக்கனக் குடுங்க" என்பது. நான்தான் முந்தின நாள் அதை ஆணியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன், எண் இருந்த பக்கத்தைக் கவிழ்த்து.

"என்ன படம் வேணும்?"

"எதுன்னாலும் சரி."

"காக்கா போடுறேன். காலையில இருந்து கத்திக்கிட்டே இருக்கும்" என்றாள்.

கேட்டிருந்த மூவருக்கும் என் பதில் இதுதான். பிள்ளைக்கு ஓர் இடத்தில் மூன்று வாரம் நின்று பிறரைப் பார்க்கிற பொறுமை இருந்தால் அனுப்புங்கள். படம் நன்றாகப் போடும் என்பதற்காக மட்டும் அனுப்ப வேண்டாம். பத்தொன்பதில் ஐந்து பேர் காப்பிக்கடையில் என்பதை மறக்க வேண்டாம். வேலை கிடைத்தாலும் நல்லது கெட்டதுக்கு வர முடியாத நாட்கள் உண்டு, அதை எந்தக் கல்லூரியின் விளம்பரத் தாளிலும் போடுவதில்லை. நசீமா இப்போது வேதிப்பொருள் டப்பாக்களின் மேல் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டுகளைத் திருத்தி வடிவமைக்கிறாள். படிக்கத் தெரியாதவர் எடுத்தாலும் புரிய வேண்டுமாம். ஒரு சீட்டுக்கு நாலு மாதம் ஆகிறது.

ஊரில் அந்தத் தொழிற்சாலை ஏழு மாதம் மூடிக் கிடந்து திறந்திருக்கிறது. காமாட்சி வேலைக்குத் திரும்பவில்லை. அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள், கிளி கேட்டிருக்கிறாள். மயிலை மாரீஸ்வரியின் வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆணியில் வேறு எதையும் மாட்டக் காளியப்பன் சம்மதிக்கவில்லை.

6

பாலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அபராதத்தைக் கட்டப் போனேன். எங்கள் வீட்டில் குடம் கிடையாது. ஒரு செம்பு இருக்கிறது. சமையலறைக் குழாயில் பிடித்துத் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்ற வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு செம்பு. போக எட்டு அடி, வர எட்டு அடி. எழுபத்தொரு வயதுக்கு அது குறைந்த வேலை இல்லை. நசீமா பின்வாசற்படியில் தேநீரோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது செம்பில் நான் கொஞ்சம் குறைத்துப் பிடித்ததையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள்.

பதின்மூன்றை ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னும் ஒன்னு" என்றாள்.

"அங்க இப்ப பதிமூணு பேருதானம்மா."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். "பதினாலு, பெரியத்தா."

செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழாயை முழுக்கத் திறந்து, விளிம்பு வரை பிடித்து, சிந்தாமல் எட்டு அடி நடந்து வந்தேன்.